பாண்டா பார்க்க செங்டுவா, வோலாங்கா?

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்குப் பாண்டா பார்க்கப் போகிறவர்கள் முதலில் குழம்புவது இதில்தான்: செங்டு நகரத்து இனப்பெருக்க மையமா, மலைமேல் வோலாங்கா? இரண்டையும் ஒரே ஆகஸ்டில் பார்த்தேன். என் ஓட்டு வோலாங்குக்கு.

வசதியில் செங்டுவை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1987இல், மீட்கப்பட்ட 6 பாண்டாக்களோடு தொடங்கிய மையம் அது. மெட்ரோவிலேயே பக்கத்தில் போய் இறங்கிவிடலாம். பாஸ்போர்ட்டைக் காட்டி முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். கூட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். 2020இல் பிறந்த ஹுவா ஹுவா என்ற பாண்டாவைக் காண நிற்கும் வரிசை, திருப்பதி தரும தரிசனத்துக்குச் சளைத்ததல்ல.

எனக்கு முடிவைச் சொன்னது வெயில்தான். மூங்கிலையே தின்றாலும் பாண்டாவின் குடல் இன்னும் ஊனுண்ணியின் குடல்; உள்ளே போவதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். அதனால் நாளில் பாதிக்குத் தின்னும், மீதிக்குத் தூங்கும். தின்பதைப் பார்க்கத்தானே நாம் போகிறோம்? செங்டுவில் வெப்பம் 26 டிகிரியை ஒட்டினாலே ஏசி அறைக்குள் அழைத்துவிடுகிறார்கள். கோடையில் காலை உணவு முடிந்த கையோடு அந்த நேரம் வந்துவிடும். பிறகு கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெள்ளை முதுகு, இப்பால் நூறு செல்போன்கள்.

வோலாங்கின் ஷென்ஷுபிங் மையம் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய மையம் 2008 நிலநடுக்கத்தில் சிதைந்தபின் எழுந்தது இது. நான் போன அன்று நண்பகலிலும் ஒரு பாண்டா வெளியே சாய்ந்து உட்கார்ந்து, தண்டைக் கடைவாயில் கொடுத்துப் பச்சைத் தோலைச் சரசரவென உரித்துப்போட்டது. இலைகளை மட்டும் வாயோரம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, கொத்தானதும் கையில் பிடித்துக் கடித்தது. அந்தக் கையில் கட்டைவிரலாக வேலை செய்வது, மணிக்கட்டில் துருத்திய ஓர் எலும்பு. வேலி ஓரத்தில் நின்றால் தண்டு முறியும் சத்தம்கூடக் கேட்கிறது.

குளிர்காலத்தில் நான் போனதில்லை. அப்போது வெயில் வாதமே செல்லாது, செங்டு முந்தலாம். 2024இல் தென்கொரியாவிலிருந்து ஃபூ பாவ் என்ற பாண்டா வந்த பிறகு வோலாங்கிலும் அந்த ஒரு கூண்டருகே நெரிசல்தான். பிறந்து சில வாரமே ஆன குட்டிகளைப் பார்க்கும் ஆசையென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் செங்டுவின் குட்டிக் காப்பகத்துக்குப் போங்கள். வோலாங் மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண் சரியும். முதல்நாள் இரவே ஓட்டுநரிடம் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அதன்பிறகு டிக்கெட் எடுங்கள்.