ஸ்லீப்பிங் டாக்ஸ்: அடிதடிக்காகவே விளையாடலாம்

ஜிடிஏ (ஊர் முழுக்கச் சுற்றி, வண்டியைப் பிடுங்கி, அடிதடி செய்கிற கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) மாதிரி வேறு ஏதாவது வீடியோ கேம் இருக்கா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்லீப்பிங் டாக்ஸ்தான். 2012இல் வந்த பழைய சரக்கு, ஆனால் கைகலப்பு என்று வந்துவிட்டால் ஜிடிஏ இன்றைக்கும் இதன் கிட்டே நிற்க முடியாது. சித்தூரில் எங்கள் தெருப் பசங்களில் சிலர் கிராபிக்ஸ் பழசு என்று மூக்கைச் சுளித்தார்கள், ஒரு சண்டை முடிந்ததும் கன்ட்ரோலரைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள்.

வெய் ஷென் என்கிற போலீஸ்காரன் ஹாங்காங்கில் சன் ஆன் யீ என்ற கும்பலுக்குள் ரகசியமாக நுழைகிறான். இந்தக் கதையை நம் சினிமாவில் எத்தனை முறை பார்த்திருப்போம். இருந்தாலும் சின்ன வயது நண்பன் ஜாக்கியோடு அவன் சுற்றுகிற காட்சிகள் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பேச்சு ஆங்கிலம், நடுநடுவே ஹாங்காங்காரர்களின் சீன மொழியான கான்டனீஸ் வந்து விழும். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற எங்கள் ஊர்க்காரனுக்கு அது ரொம்ப இயல்பாகவே பட்டது.

சரி, சண்டைக்கு வருவோம். அடிக்க ஒரு பட்டன், பிடிக்க ஒரு பட்டன், தடுத்துத் திருப்பி அடிக்க ஒரு பட்டன், அவ்வளவுதான். எதிரி கை ஓங்கும்போது அவன் உடம்பு சிவப்பாக மின்னும், அந்த நொடியில் தடுப்பு பட்டனை அழுத்தினால் அவன் கையையோ காலையோ முறுக்கிப் போடுவான் வெய். நாலைந்து பேர் சூழ்ந்துகொள்ளும்போது பட்டனைக் கண்டபடி தட்டினால் வேலைக்காகாது, யார் எப்போது வருகிறான் என்று பார்த்துத் தாளம் பிடிக்க வேண்டும். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது: ஒருத்தன் சட்டையைப் பிடித்ததும் சுற்றியிருக்கும் பொருட்கள் சிவப்பாகத் தெரியும். குப்பைத்தொட்டி, டெலிபோன் பூத், ஓடுகிற மின்விசிறி, மீன்தொட்டி, எதன் மீது வேண்டுமானாலும் கொண்டுபோய் மோதலாம். கொஞ்சம் கொடூரம்தான், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் டிவியை அணைத்துவிடுங்கள். திருடுபோன விலங்குச் சிலைகளைத் தேடி எடுத்து வெய்யின் குங்ஃபூ குருவிடம் கொடுத்தால் ஒவ்வொரு புது அடியாகக் கற்றுத் தருவார், அதற்காகவே நான் மூலை முடுக்கெல்லாம் அலைந்தேன்.

வண்டி ஓட்டுவதில் எனக்குப் பிடித்த விஷயம், ஹாங்காங்கிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் போவார்கள். ஜிடிஏ விளையாடிவிட்டு சித்தூர் வேலூர் ரோட்டில் பைக் எடுத்தால் வருகிற குழப்பம் இதில் இல்லை. வண்டிகளுக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும், அது ஒரு குறைதான். ஆனால் ஒரு பட்டனில் பக்கத்து வண்டியை இடித்துத் தள்ளலாம், ஓடுகிற காரிலிருந்து இன்னொரு காருக்குத் தாவி அதைப் பிடுங்கலாம், அந்தத் தாவல் ஒவ்வொரு தடவையும் விசில் அடிக்க வைக்கும்.

பொழுதுபோக்குக்கு கரோக்கே, தெருக் கார் பந்தயம், சேவல் சண்டையில் பந்தயம்கூட உண்டு. சங்கராந்திக்கு கோதாவரிப் பக்கம் போய்வந்த சித்தப்பா, திரையில் சேவலைப் பார்த்துவிட்டு "கத்தி கட்டலையா?" என்று கேட்டார்!

குறை என்று பார்த்தால் கதையின் பின்பாதிதான். துப்பாக்கி கைக்கு வந்ததும் கேம் சுமாராகிவிடுகிறது, இதை விடச் சுடுவதற்கு வேறு நூறு கேம் இருக்கிறது. போலீஸ் மதிப்பெண், கும்பல் மதிப்பெண் என்று இரண்டு தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்: பொதுமக்களை இடித்தால் முதலாவது குறையும், விதவிதமாக அடித்தால் இரண்டாவது ஏறும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் நிரப்பிக்கொள்ளலாம், எந்தப் பக்கம் நிற்பது என்ற தவிப்பு கதையில் மட்டும்தான், விளையாட்டில் இல்லை. வண்டியில் போகும்போது கேமரா தன் இஷ்டத்துக்குத் திரும்புவதும் எரிச்சல். போதைமருந்துக் கும்பலை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சிசிடிவியில் ஆளைக் காட்டிக் கொடுக்கிற வேலை மூன்றாவது தடவையிலேயே சலித்துவிடும்.

வாங்குவதென்றால் 2014இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்குங்கள், துணைக் கதைகளெல்லாம் அதிலேயே சேர்ந்து வரும். முழு விலை கொடுக்காதீர்கள், கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஆன்லைன் கடையான ஸ்டீமில் அடிக்கடி தள்ளுபடிக்கு வரும். கீபோர்டில் சமாளிக்கலாம், ஆனால் கன்ட்ரோலர் இருந்தால்தான் சண்டையின் ருசி தெரியும். இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம், இதைச் செய்த யுனைடெட் ஃப்ரண்ட் கேம்ஸ் 2016இலேயே கடையை மூடிவிட்டது.