‘குவார்ட்’ ஸ்ட்ராபெரி வாங்கும் முன் டப்பாவின் அடியைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஜூன் மாதம் பண்ணைக் கடைகளில் ஸ்ட்ராபெரி வாங்கி ஜாம் போடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு.

குவார்ட் என்பது அங்கே பழம், பால் அளக்கிற அளவு, ஏறக்குறைய ஒரு லிட்டர். போன வாரம் சாலையோரக் கடை ஒன்றில் ‘1 குவார்ட்’ என்று எழுதிப்போட்டு விற்ற பழம், நான்கு டப்பா வாங்கினோம். வழக்கமான பச்சை அட்டைக் கூடை இல்லை. சூப் கட்டித் தருகிற வட்ட பிளாஸ்டிக் டப்பா. தராசில் வைத்தால் ஒவ்வொன்றிலும் பழம் 570 கிராமை ஒட்டியே நின்றது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் அச்சடித்திருக்கிறது: 32 ஃப்ளூயிட் அவுன்ஸ். திரும்பப் போய்க் கேட்டதற்கு, “குவார்ட் என்றால் குவார்ட்தான்” என்று பதில்.

அது தவறு. அமெரிக்காவில் குவார்ட் இரண்டு உண்டு. பால், எண்ணெய்க்கு 946 மி.லி., அதுதான் அந்த 32 ஃப்ளூயிட் அவுன்ஸ். பெரிப் பழங்களை எடை போடாமல் அளந்து விற்றால் டிரை குவார்ட் (உலர் பொருள் அளவு), அதாவது 1101 மி.லி. இருக்க வேண்டும். டப்பாவுக்கு 155 மி.லி. குறைவு, ஏழில் ஒரு பங்கு. முழுப் பழம் ஒரு கப் (237 மி.லி.) 144 கிராம். அந்தக் கணக்கில் குவார்ட்டுக்கு 670 கிராம் வர வேண்டும். நான்கு டப்பாவில் 400 கிராம் போச்சு! அரை குவார்ட்டான பைன்ட்டிலும் இதே கதைதான்: 551 இருக்க வேண்டிய இடத்தில் 473 மி.லி.

காசைவிட ஜாம் கெடுவதுதான் வயிற்றெரிச்சல். பவுடர் பெக்டின் (ஜாமை இறுக வைக்கிற பொடி) சேர்க்கிற குறிப்புகளில் 2 குவார்ட் பழம், அதாவது நசுக்கினால் 5 கப், அதற்கு 7 கப் சர்க்கரை என்றிருக்கும். இந்தச் சின்ன டப்பா இரண்டின் பழம் காம்பு கிள்ளி நசுக்கியபின் நாலரை கப் தேறினால் அதிகம். சர்க்கரையை அப்படியே கொட்டினால் ஜாம் ரப்பர் மாதிரி இறுகி, பிறகு சர்க்கரை பூத்துப்போகும். சர்க்கரையைக் குறைத்துச் சமாளித்தால் இறுகவே இறுகாது. குறைகிற அளவுக்கு இன்னும் பழம் நசுக்கிச் சேர்ப்பதுதான் வழி. அதனால் டப்பாக் கணக்கை நம்பாமல் நசுக்கியபின் எடை பாருங்கள்: 5 கப் என்றால் ஏறக்குறைய 1160 கிராம்.

அதே ஸ்ட்ராபெரி ஒரு கப், முழுசாக 144, நறுக்கினால் 166, நசுக்கினால் 232 கிராம். பழத்துக்கு நடுவே நிற்கிற காற்றுதான் வித்தியாசம். உறைந்த ஸ்ட்ராபெரி ஒரு கப் 149 கிராம், இளகியபின் 221. அதனால் கப்பில் அளக்காமல், பையிலிருந்து எடுத்ததும் எடை போட்டுவிடுங்கள்.

கடையில் தராசு இருந்தால் அங்கேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் டப்பாவின் அடிப்பக்கம், விலைப் பலகை, பில் மூன்றையும் படம் எடுத்து உங்கள் பகுதி எடை அளவை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நாங்கள் அனுப்பிவிட்டோம்.