மும்பை மாட்டுங்கா டிபன் கேட்டரிங்: பதவி உயர்வு விருந்துக்குச் சரிப்படுமா?

நவி மும்பை கார்கரில் இருக்கும் ஆக்ட்ரெக் மாதிரி புற்றுநோய் ஆய்வு மையத்தில் பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஐம்பது பேர் விருந்தா? இந்த மாட்டுங்கா டிபனைத் தாராளமாக எடுக்கலாம். இட்லியும் ரவா கேசரியும் பயணத்தைத் தாங்கும். மெதுவடை தாங்காது. சூடாக மூடினால் ஆவி உள்ளேயே வேர்த்து, போய்ச் சேர்வதற்குள் மொறுமொறுப்பு காலி. பேசாமல் சாம்பார் வடையாகவே கேளுங்கள். தேங்காய்ச் சட்னி வெயிலில் புளிக்கும், தக்காளிச் சட்னி போதும். காபிக்கு அரைக் கிலோ பொடியின் டிகாக்‌ஷனைத் தனியாகக் கொண்டுவந்து, பாலை அங்கேயே காய்ச்சுகிறார்கள். அருமை! கேக்கில் எழுதும் பதவிப் பெயரில் ‘அசோசியேட்’, ‘அடிஷனல்’ மாறினால் மனஸ்தாபம்தான். பதவி உயர்வு ஆர்டரைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். லேபுக்குள் தட்டு போகக் கூடாது. மிச்சத்தை வார்டுக்கும் அனுப்பாதீர்கள்: கீமோ சிகிச்சையில் ரத்த வெள்ளணு குறைந்தவர்களுக்கு, நேரமான சட்னியே தொற்றைக் கொண்டுவந்துவிடும்.