இல்லாத விமானங்கள்: கிட்டுகளை வெட்டி ஒட்டியதில் வருஷக்கணக்கில் எது தாங்கியது?

இல்லாத விமானத்தைக் கட்டுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. நிஜ விமானத்தை அளவு குறைத்துச் செய்யும் பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் என்றால், வால் அரை மில்லிமீட்டர் கூடுதல், அந்த வருஷம் அந்தப் படைப்பிரிவு இந்தப் பச்சையை அடிக்கவே இல்லை என்று குற்றப்பத்திரிகை வாசிக்க யாராவது வந்துவிடுவார். ஒரு கிட்டின் (பாகங்களாக வாங்கி நாமே ஒட்டும் மாடல் பெட்டி) உடல், இன்னொன்றின் இறக்கை, மூன்றாவதன் மூக்கு என்று சேர்த்து நாமே உருவாக்கிய விமானத்தில் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு வேறொன்று தலையில் விழும். கிட் தயாரித்தவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த பொருத்தம் எதுவும் நமக்கு உதவாது. ஒவ்வொரு இணைப்பும் நம் கைவேலை. முடித்த அன்று எந்த மாடலும் அழகாகத்தான் இருக்கும். நான் சொல்லப்போவது, சில வருஷம் அலமாரியில் நின்ற பிறகு அவை எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றி.

இந்த வெட்டி ஒட்டும் வேலையை நிஜப் பொறியாளர்களும் செய்திருக்கிறார்கள். 1944-ல் பறந்த ஜெர்மனியின் யுங்கர்ஸ் ஜு 287 சோதனை விமானத்துக்கு உடல் ஹெயின்கல் ஹெ 177-லிருந்து வந்தது, வால் ஜு 388-லிருந்து. மூக்குச் சக்கரங்கள், விழுந்து கிடந்த அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானங்களிலிருந்து கழற்றியவை! 1984-ல் பறந்த அமெரிக்காவின் எக்ஸ்-29-க்கு முன்பாதி எஃப்-5ஏ, பிரதான சக்கரங்கள் எஃப்-16. இரண்டிலுமே முக்கியமாகச் சோதிக்க வேண்டியிருந்தது முன்னோக்கிச் சாய்ந்த இறக்கையைத்தான். அதனால் மற்றவற்றில் முடிந்ததை ஏற்கெனவே பறந்து நிரூபித்த விமானங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கற்பனை மாடலுக்கும் இதே கணக்கை நான் வைத்திருக்கிறேன்: ஒரு விமானத்துக்கு ஒரு பொய். இறக்கையை மாற்றினால் வாலைத் தொடாதே. நான்கு புதுமைகளை ஒன்றாகத் திணித்த மாடல்கள் கட்டும்போது கொடுத்த உற்சாகத்தை அலமாரியில் கொடுப்பதில்லை. பார்க்கிறவர் கண் எதில் நிற்பதென்று தெரியாமல் நகர்ந்துவிடுகிறது.

முன்னோக்கிச் சாய்ந்த இறக்கை வேண்டுமென்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளை இடம் வலம் மாற்றி வைப்பது. மேல்புறம் மேலேயே இருக்கும், சாய்வும் திரும்பிவிடும். ஆனால் உருண்டையான முன்விளிம்பு பின்னால் போய், கூரான பின்விளிம்பு முன்னால் வந்துவிடும். பின்விளிம்பில் அசையும் பலகைகளான ஃபிளாப்பும் எய்லரானும் மூக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும். 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு), சூப்பர்சானிக் ஜெட்டின் மெல்லிய இறக்கையாக இருந்தால் சமாளிக்கலாம். பழைய ஃபிளாப் கோடுகளில் சூப்பர் க்ளூ விட்டு நிரப்பி, இரண்டு விளிம்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து வடிவம் மாற்றி, பின்பக்கம் புதிதாகக் கோடு கீற வேண்டும். தடித்த இறக்கையில் இந்த வித்தை பலிக்காது. அதற்கு, சாய்வில்லாத நேர் இறக்கை ஒன்றை எடுத்து, உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை அறுத்து நீக்கி, முன்பக்கம் திருப்பி ஒட்டுவதே வழி. பல் பொடியாக உள்ள மெல்லிய ரம்பம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பிளேடால் அழுத்தி வெட்டினால் பிளாஸ்டிக் ஓரங்கள் பிதுங்கிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு முன்னால், இறக்கைக்குள் ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை நுழைத்து, உடலைக் குறுக்கே துளைத்து, அந்தப் பக்க இறக்கை வரை கொண்டுபோய்விடுவேன். என் அலமாரியில் கம்பி போட்ட இறக்கை ஒன்றுகூட விரிசல் விடவில்லை. கம்பியில்லாமல் வெறும் சூப்பர் க்ளூவில் நின்ற இணைப்புகள் வீடு மாற்றியபோது விட்டுக்கொடுத்தன. சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் படக்கென்று விடும். அதன் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெள்ளையாகப் படிந்து மங்கச் செய்யும் என்பதால் காக்பிட் மூடிக்குப் பக்கத்திலேயே அதைக் கொண்டுபோவதில்லை. இன்னொன்று, அதைக் கோடு நிரப்பப் பயன்படுத்தினால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். நாள் போனால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். தேய்க்கத் தேய்க்கச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் பள்ளமாகும்.

கிட் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனோடு பாலிஸ்டைரீன் சேரும் இடத்தில் எனக்குத் தண்ணீர் போன்ற மெல்லிய திரவப் பசைதான், டாமியா எக்ஸ்ட்ரா தின் வகை. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியை வைத்தால் போதும், தானே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். இது பிளாஸ்டிக்கையே உருக்கிச் சேர்ப்பதால், காய்ந்த பிறகு நடுவில் பசை என்று ஒன்று இருக்காது. பழைய மாடல்களில் இந்த இணைப்புகள்தான் இன்றும் கல்லாக நிற்கின்றன. ரெசின் பாகங்களிலும் ரெசின் 3டி பிரின்ட்களிலும் இது ஒட்டவே ஒட்டாது. அங்கே எபாக்ஸி, அவசரத்துக்கு சூப்பர் க்ளூ.

புட்டி விஷயத்தில் என் கருத்து வருஷத்துக்கு வருஷம் கெட்டிப்பட்டிருக்கிறது. ட்யூபில் வரும் கரைப்பான் புட்டி, கீறலுக்கும் ஊசிமுனைக் குழிக்கும் மட்டும். இரண்டு கிட்டின் உடல்கள் சேரும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் படி இருக்கும். அங்கே இதை அப்பினால் மேலே காய்ந்துவிடும், உள்ளே கரைப்பான் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். பெயின்ட் அடித்து, வார்னிஷ் அடித்து, எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து ஒரு நாள் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், மூக்கைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் மெல்லிய பள்ளம் தெரியும். அந்த இடத்துக்கு இரண்டு பாகமாகப் பிசைந்து சேர்க்கும் எபாக்ஸி புட்டிதான் சரி. சுருங்காது, ஈர விரலால் தடவியே வடிவம் கொண்டுவரலாம். ஒரே குறை, ஓரம் மெலிந்து முடியும் இடத்தில் பெயர்ந்து வரும். அந்த விளிம்பில் மட்டும் மேலே கொஞ்சம் மிஸ்டர் சர்ஃபேஸர் 500 என்ற திரவ நிரப்பியைத் தடவி இழைத்துவிடலாம்.

மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் இறக்கையை நகர்த்தினாலே எடைக் கணக்கு மாறும், மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். ஈயக் குண்டுகளை வைத்து வெள்ளைப் பசை ஊற்றுவது சுலபம்தான், ஆனால் செய்யாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும், பொடி உப்பும். காலப்போக்கில் ஒட்டிய மூக்கையே பிளந்துவிடக்கூடியது இது. இரும்பு பேரிங் குண்டும் எபாக்ஸியும் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

சக்கரம் என்றதும் இன்னொன்று. நம்பும்படியான கற்பனை விமானத்தையும் பொம்மையையும் பிரிப்பது பெரும்பாலும் இதுதான்: மடக்கினால் அந்தக் கால் எங்கே போகும்? மெல்லிய இறக்கையில் தடித்த சக்கரம் மடங்க இடமிருக்காது. இன்டேக் வழியாக வரும் காற்று என்ஜினுக்குப் போக வழியில் காக்பிட்டா குறுக்கே நிற்கிறது? பார்க்கிறவருக்கு விமானவியல் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

அளவு கலப்பதும் அப்படித்தான். 1/48 கிட்டின் எரிபொருள் டேங்க் 1/72 விமானத்தில் அருமையான என்ஜின் கூடாக மாறும். ஆனால் அதன் பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்கள்) நிரப்பிப் புதிதாகக் கீற வேண்டும். 0.2 மில்லிமீட்டர் கோடு என்பதே 1/72-ல் ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பள்ளம். அதைவிடத் தடித்தது பக்கத்தில் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காக்பிட்டை மட்டும் ஒருபோதும் கலப்பதில்லை. ஆறடி ஆள் 1/72-ல் இரண்டரை சென்டிமீட்டர். மனித அளவு பிசகினால் கண் உடனே பிடித்துவிடும்.

பெயின்ட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் பிளாஸ்டிக், பச்சைப் பிளாஸ்டிக், புட்டி, ரெசின் எல்லாம் ஒரே மாடலில் கிடப்பதால் பிரைமர் கட்டாயம். வெள்ளி நிறம் ஒவ்வொரு இணைப்பையும் காட்டிக்கொடுக்கும். மேட் உருமறைப்பு நிறங்கள் பெருந்தன்மையானவை. நிறமும் சின்னங்களும் அலுப்பூட்டும் அளவுக்கு வழக்கமானவையாக இருந்தால்தான் பொய் எடுபடும் என்பது என் கட்சி. சுறாப் பல்லும் தீப்பிழம்பும் வரைந்தால் ‘இது கற்பனை’ என்று நாமே அறிவித்ததாகிவிடும்.

டீக்கல், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், பழைய கிட்டுகளின் மிச்சத்திலிருந்துதான் வரும். மஞ்சளாகிப்போன ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வைத்தால் மஞ்சள் நன்றாகவே குறையும். தேவையில்லாத ஒரு சின்னத்தை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டுதுண்டாக உடைந்தால் ஷீட் முழுக்க டீக்கல் ஃபிலிம் திரவத்தைத் தடவிக் காயவிட்டுப் பிறகு எடுக்கலாம். சீரியல் எண்ணை மட்டும் வெவ்வேறு ஷீட்களிலிருந்து ஒவ்வொரு இலக்கமாகச் சேர்க்காதீர்கள். எழுத்துரு ஒத்துப்போவதில்லை, வரிசையும் நேராக வருவதில்லை. ஒரே ஷீட்டில் உள்ள எண்ணை வெட்டி இடம் மாற்றி ஒட்டினால் புது எண் கிடைத்துவிடும்.