நகர வனத்தில் கட்டணம்: ஆண்டு உரிமமா, நாள் கட்டணமா?

நகரத்துப் பொதுக்காட்டுக்கு அனுமதி கேட்டு வருபவர்கள் ஒரே வகையினர் அல்லர். பிறர் வீட்டு நாய்களைக் கூலிக்கு நடத்திச் செல்பவரும் உடற்பயிற்சி வகுப்பு எடுப்பவரும் அன்றாடம் வருகிறார்கள். படப்பிடிப்புக் குழு எப்போதாவது, லாரிகளோடு வருகிறது. காசு வாங்காமல் கூடி ஓடுபவர்களும் இருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே கட்டணப் பட்டியலை நீட்டும் இடத்தில்தான் நிர்வாகங்கள் சறுக்குகின்றன.

அன்றாடம் வருபவருக்கு ஆண்டு உரிமமே பொருந்தும். தினமும் ரசீது கிழிக்கும் தொல்லை இல்லை. யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால், ஒருமுறை பணம் கட்டியவர் எத்தனை நாய்களையும் கூட்டிவரலாம் என்றாகிவிடும் ஆபத்து உண்டு. சான்பிரான்சிஸ்கோ 2013இல் கொண்டுவந்த முறையில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நாய்களை நடத்தும் தொழில்முறையாளர் உரிமம் எடுக்க வேண்டும். எட்டைத் தாண்டக் கூடாது. அந்த எட்டுதான் உரிமத்தின் உயிர். பெல்ஜியத்தின் கெண்ட் நகரையொட்டிய காடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, நாய்களின் சிறுநீரும் மலமும் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் சுமார் 11 கிலோ நைட்ரஜனையும் 5 கிலோ பாஸ்பரஸையும் சேர்க்கின்றன என்று கணித்தது. கேட்காமலே போடப்பட்ட உரம்! சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய செடிகளை முரட்டுக் களைகள் நெருக்கித் தள்ள இது போதும். கட்டணத்தை இரட்டிப்பாக்கினாலும் இதில் ஒரு கிராம் குறையாது.

படப்பிடிப்புக்கும் பெரிய பந்தயங்களுக்கும் நாள் கட்டணம், கூடவே திருப்பித் தரும் காப்புத்தொகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஈரமண்ணில் லாரி ஏறினால் மண்ணின் காற்றிடைவெளிகள் நசுங்கி வேர்கள் மூச்சுத் திணறும். முதிய மரம் அதைக் காட்டிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் படம் வெளியாகி மறந்தும் போயிருக்கும். மறுநாள் காலையில் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொகையைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன பாதுகாப்பு? வேர்ப்பரப்பில் சக்கரம் படக்கூடாது, மழைக்காலத்தில் அனுமதியே இல்லை என்ற இரண்டு நிபந்தனைகளை அந்தத் தொகையைவிட அதிகம் நம்புவேன்.

வருமானத்தில் பங்கு கேட்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. பிறர் கணக்கைத் தணிக்கை செய்ய ஆள் வேண்டும். அதைவிட மோசம், காட்டைக் காக்க வேண்டியவர் வியாபாரத்தின் பங்காளியாகிவிடுவார்.

இதற்கெல்லாம் சட்டத்தின் துணையும் வேண்டும். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டை அதன் இயற்கைத் தோற்றம் கெடாமல் காக்கச் சொன்னது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வணிக நடவடிக்கைகளை உரிமத்தின் கீழ் கொண்டுவரத் தெளிவான அதிகாரம் கிடைத்ததோ 2018இல்தான்.

இலவசக் குழுக்களிடம் கை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் லிட்டில் ஸ்டோக் உதாரணம். அது காடல்ல, பூங்காதான். 2016இல் அந்தப் பகுதியின் ஊர் மன்றம், பாதைப் பராமரிப்பைக் காரணம் காட்டி, சனிக்கிழமைதோறும் நடந்த பார்க்ரன் ஓட்டத்துக்குக் கட்டணம் விதிக்க வாக்களித்தது. இலவசமாக நடத்துவதே கொள்கை என்ற பார்க்ரன் அமைப்பு அங்கே ஓட்டத்தை நிறுத்தியது. மன்றத்துக்குக் கட்டணமும் வரவில்லை. பாதை தேய்கிறது என்ற கவலை பொய்யல்ல. அதற்குத் தடத்தை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கலாம். பெயரைப் பதிவு செய்து, கூட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கலாம்.