காது கொடுத்துக் கேட்பதா, பட்டியலைப் பார்ப்பதா?

காலியாகக் கிடக்கும் அலைவரிசையில் பேசிவிட்டு, உரிமையாளர் வந்ததும் நகர்ந்துகொள்வதுதான் காக்னிட்டிவ் ரேடியோ. 1999-இல் ஜோசஃப் மிடோலா முன்வைத்த யோசனை. சரி, காலி என்று ஸ்மார்ட் கருவிக்கு எப்படித் தெரியும்?

முதல் வழி, அதுவே கேட்டுப் பார்ப்பது. இணையம் வேண்டாம், நிலவரம் உடனுக்குடன் தெரியும். ஆனால் அடித்தளத்தில் இருக்கும் ஸ்மார்ட் மின் மீட்டருக்கு டிவி கோபுரத்தின் சிக்னல் எட்டாது. காலிதான் என்று நம்பி அது அனுப்பத் தொடங்கினால், மாடி ஆன்டெனாவில் படம் உடையும். இதைத் தவிர்க்க அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி −114 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) வரை, அதாவது இரைச்சலுக்கும் கீழே, கேட்கச் சொன்னது. பொத்தான் பேட்டரியில் ஓடும் சென்சாரிடம் இதையா கேட்பது!

இரண்டாவது, இருப்பிடத்தைச் சொல்லி, எங்கே எந்த அலைவரிசை காலி என்று பட்டியல் வைத்திருக்கும் தரவுத்தளத்திடம் விசாரிப்பது. 2010-இல் எஃப்சிசியே இதை நம்பி, கேட்கும் கட்டாயத்தைக் கைவிட்டது. கோபுரம் இடம் மாறாது, பட்டியல் போதும். ஒவ்வொரு சென்சாரும் விசாரிக்க வேண்டியதில்லை, அவற்றை இணையத்தோடு இணைக்கும் கேட்வே விசாரித்துச் சொன்னால் போதும். நிலையான கருவிகளுக்கு என் ஓட்டு இதற்கே.

கப்பல் ரேடார் அப்படியல்ல, நகரும். அதனால்தான் அமெரிக்காவின் 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் கரையோர சென்சார்கள் கடற்படை ரேடாரைக் கேட்டு, தரவுத்தளத்துக்குத் தகவல் சொல்கின்றன.