பழைய ஸ்ப்ளெண்டருக்கு எதைப் புதுப்பேட்டையில் வாங்குவது, எதை ஜி.பி. ரோட்டில் வாங்குவது

சென்னையில் பழைய பைக்கை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு இடங்கள் பழகியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒன்று, எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் கூவம் ஓரமாக இருக்கும் புதுப்பேட்டை. இன்னொன்று, அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஜி.பி. ரோடு என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். முதலாவதில் பிரித்துப் போட்ட வண்டிகளின் சாமான், இரண்டாவதில் டப்பாவில் வரும் புது சாமான். என் 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரின் வேலை முழுக்க இந்த இரண்டையும் நம்பித்தான் நடந்தது. எந்த இடத்தில் எதை வாங்குவது என்பதில் எனக்கு இப்போது உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்தில் தண்ணீர் கேன் போடும் ஒருவரிடமிருந்து 8,000 ரூபாய்க்கு வாங்கியது. பின்னால் இரண்டு பக்கமும் கேன் மாட்டக் கொக்கி வெல்ட் வைத்திருந்தார். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சைலன்சரில் நீலப் புகை, அதாவது உள்ளே தேய்ந்துபோய் என்ஜின் எண்ணெய் எரிகிறது. ஆனால் ஆர்.சி. அசல், பதினைந்து வருடம் முடிந்ததும் ஒழுங்காகப் புதுப்பித்தது, என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதில் உள்ளபடியே இருந்தன. எனக்கு அது போதும். புகையை நிறுத்திவிடலாம், காகிதம் சரியில்லாத வண்டியை ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் ஸ்ப்ளெண்டர், யமஹா ஆர்.எக்ஸ். 100 எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. நல்ல வண்டி என்று சொல்லிக் கேட்கிற விலையில் இன்று புது வண்டியே வாங்கிவிடலாம். ஸ்ப்ளெண்டர் 1994-இல் வந்தது. அதன் 97.2 சி.சி. என்ஜின், 1985-இல் வந்த சி.டி. 100 வழியில் வந்த என்ஜின். இத்தனை வருடமாக ஊரெல்லாம் ஓடுவதால் சாமான் கிடைக்காத தெருவே கிடையாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான என்ஜின் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சரி, புதுப்பேட்டை. முதல் தடவை போகிறவருக்குத் தலை சுற்றும். சைலன்சருக்கென்று ஒரு கடை, சக்கரத்துக்கென்று ஒரு கடை, டேங்க்கை மட்டும் கூரை வரை அடுக்கிய கடை என்று தனித்தனியாக இருக்கும். காயலான் கடைத் தெரு என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் ஞாபகசக்தி பெரியது. "ஸ்ப்ளெண்டருக்கு சைடு பேனல் வேணும் பாய்" என்றேன். "ப்ளஸ்ஸா, அதுக்கு முந்தினதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேல் பலகையிலிருந்து ஒரு ஜோடியை உருவி எடுத்துத் தந்தார். லாக் துளை, ரப்பரில் செருகும் மூன்று காது, எதுவும் உடையவில்லை. இதே பேனலைப் புதிதாக டூப்ளிகேட்டில் வாங்கினால் காது சரியாக உட்காராது, ஓட்டும்போது கடகடவென்று அடிக்கும். கம்பெனியின் பழைய பிளாஸ்டிக்கே மேல்.

தேய்மானம் இல்லாத எதையும் புதுப்பேட்டையில் தயங்காமல் வாங்கலாம். சைடு பேனல், செயின் கவர், மட்கார்டு, ஃபுட்ரெஸ்ட், மீட்டர் கூடு, ஸ்டாண்டு எல்லாமே இதில் அடங்கும். டேங்க் மட்டும் வாங்கும்போது மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். மேல் துரு பரவாயில்லை. அடியில் தகடு தகடாக உரிந்திருந்தால் வேண்டாம்.

நான் அங்கே வாங்கியதில் என்னை மிகவும் மகிழ வைத்தது கார்புரேட்டர்தான், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற பாகம். பழைய ஸ்ப்ளெண்டரில் வந்தது கெய்ஹின் கம்பெனியுடையது, பெயர் உடம்பிலேயே வார்த்திருக்கும். எனக்குக் கிடைத்ததன் வெளியே மண்ணும் எண்ணெயும், கிண்ணத்துக்குள் காய்ந்து பிசினாகிப்போன பெட்ரோல். அதெல்லாம் கழுவினால் போய்விடும். பார்க்க வேண்டியது ஸ்லைடு, ஆக்சிலேட்டர் கேபிளோடு மேலும் கீழும் போய்வரும் உருளை. மேல் மூடியைத் திருகிக் கழற்றி, ஸ்லைடை உருவி வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஒரே நிறமாக மங்கலாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று வழவழத்திருந்தால் அது தேய்ந்த ஸ்லைடு. அப்புறம் அதைத் திரும்பப் போட்டு, பாதி உயரத்தில் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக் டொக் என்று இடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அந்த வண்டி ஐடிலில் ஒருநாளும் நிற்காது. நான் எடுத்தது அசையவில்லை. 600 சொன்னார், 450-க்கு முடிந்தது. அதில் புது ஜெட்டும் ஃப்ளோட் ஊசியும் வாஷரும் போட்டேன். இப்போது காலையில் சோக் இழுத்து ஒரே கிக்கில் எழுந்து, ஐடிலில் ஒரே சீராக நிற்கிறது.

அங்கே வாங்கக் கூடாதவை இரண்டு. எண் பொறித்த எதுவும் வேண்டாம்: என்ஜின் கிராங்க்கேஸ், சேஸிஸ். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அந்த எண் எந்த வண்டியுடையது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஆர்.சி.யோடும் பொருந்தாது. இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது: பிரேக் ஷூ, பழைய டயர், வளைந்துபோனதை நிமிர்த்திய முன் ஃபோர்க் குழாய். பிரேக் ஷூ ஒரு சின்ன பணம்தான், அதைப் போய்ப் பழசில் தேடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

ஜி.பி. ரோட்டில் வேலை வேறு மாதிரி. தேய்கிற எல்லாம் இங்கேதான்: பிஸ்டன் செட், டைமிங் செயின், கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், ஹேண்டில் கோன் செட், கேபிள்கள், ஆயில் சீல், பேரிங். பேரிங்குக்கு வண்டிப் பெயரே சொல்ல வேண்டாம். பழையதைத் துடைத்தால் ஓரத்தில் எண் தெரியும். அந்த எண்ணைச் சொல்லி எஸ்.கே.எஃப். அல்லது என்.பி.சி. என்று கேட்டு வாங்குங்கள். கடையில் விலை ஒளிவு மறைவு இல்லாமல் இருக்கும், பேரமும் குறைவு.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஒரு கடையில் கம்பெனி பிஸ்டன் என்று சொல்லிக் கொடுத்த டப்பாவில் தயாரித்த மாதமும் இல்லை, எம்.ஆர்.பி.யும் இல்லை. அச்சு எழுத்து மங்கல். கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார், ஓடும்" என்று பதில். பிஸ்டன் விஷயத்தில் எல்லாம் ஒன்று கிடையாது. நான் வாங்காமல் நாலு கடை தள்ளிப் போய் பில்லோடு வாங்கினேன். டப்பாவில் பாகத்தின் எண், விலை, மாதம் மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில் கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் நிற்கவே வேண்டாம்.

பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் வரிசையில் வரும். பிஸ்டன் ஓடும் பிளாக்கை லேத் பட்டறையில் அளந்து பார்த்து எந்த சைஸ் என்று கேட்டுக்கொண்டு, பிஸ்டனை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்த பிறகே போர் அடிக்க, அதாவது பிளாக்கின் உள்சுவரை அந்த அளவுக்குக் கடைய, சொல்ல வேண்டும். குரோம்பேட்டையில் நான் கொடுத்த பட்டறைக்காரர் இதில் கறார். "பிஸ்டன் இல்லாம பிளாக்கைத் தொட மாட்டேன் தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் கொடுத்தேன். போரும், உள்சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங்கும் முடித்துக் கொடுத்தபோது, எண்ணெய் தடவிய பிஸ்டன் ரிங் இல்லாமல் தன் எடையிலேயே மெதுவாக இறங்கிற்று. உள்சுவரில் ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் சீராகத் தெரிந்தன.

பூட்டும் வேலை வீட்டில்தான். இந்த என்ஜினில் எல்லாவற்றுக்கும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் தலையில் ஐ.என். என்ற எழுத்து இன்லெட் பக்கம் பார்க்க வேண்டும். படுத்திருக்கும் என்ஜின் என்பதால் இதில் அது மேல்பக்கம். கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் சக்கரமான மேக்னெட்டின் மேல் உள்ள டி கோட்டைக் கேஸில் உள்ள வெட்டோடு நேர்படுத்தி, கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள ஓ அடையாளத்தை ஹெட்டில் உள்ள வெட்டோடு நேர்படுத்தினால், வால்வு திறந்து மூடும் நேரமான டைமிங் சரி. ஸ்ப்ராக்கெட் போல்ட்டை முறுக்கிய பிறகு மேக்னெட்டைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டு இரண்டு அடையாளத்தையும் மறுபடி பாருங்கள். இதைச் செய்யாமல் கிக்கரை மிதிக்கவே கூடாது.

அழகு வேலைக்கும் ஜி.பி. ரோடுதான். சீட்டை அங்கேயே ஃபோமைச் செதுக்கிக் குறைத்து, மர நிற ரெக்ஸின் போட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தைத்துக் கொடுத்தார்கள். தையல் நேர்த்தி, முழு மதிப்பெண். ஸ்ப்ளெண்டரின் சதுர டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டை, எடுத்துவிட்டு வட்ட ஹெட்லைட் வைத்தேன், ஃபோர்க்கைக் கவ்வும் கிளாம்ப்பும் அதே தெருவில் கிடைத்தது. வண்டியின் முகமே மாறிவிட்டது.

ஆனால் ஹெட்லைட் வாங்கப் போனால் எல்.இ.டி. பல்பைக் கையில் திணிப்பார்கள். பழைய ஸ்ப்ளெண்டரில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏ.சி.யாக வருகிறது. அதனால்தான் ஆக்சிலேட்டர் கொடுத்தால் வெளிச்சம் கூடும், சிக்னலில் நின்றால் மங்கும். அதில் டி.சி. எல்.இ.டி.யைச் செருகினால் படபடவென்று துடிக்கும். பேட்டரியிலிருந்து இழுக்கலாம் என்றால், கிக் ஸ்டார்ட் வண்டியில் இருப்பது 2.5 ஆம்பியர்-அவர் குட்டி பேட்டரி. ஒயரிங்கையே மாற்றத் தயாராக இல்லாதவர்கள் 35/35 வாட் பல்பையே போடுங்கள். நல்ல ரிஃப்ளெக்டர் உள்ள வட்ட விளக்கில் அதுவே தாராளமாகத் தெரிகிறது.

எவ்வளவு மாற்றலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள அடிப்படை விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதனால் சேஸிஸில் ஒரு அங்குலம்கூட வெட்டவில்லை, தண்ணீர் கேன் கொக்கிகளை மட்டும் கிரைண்டரால் எடுத்தேன். கறுப்பு வண்டிக்குக் கறுப்பே அடித்தேன். நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். சேலை கார்டைக் கழற்றச் சொல்லி ஒரு கடைக்காரர் வற்புறுத்தினார், லுக் வருமாம். பின்னால் உட்காரப்போவது என் அம்மா. பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு வேண்டும் என்று விதியே இருக்கிறது. கழற்றவில்லை, அதையும் தேய்த்துக் கறுப்பு அடித்தேன், நன்றாகவே இருக்கிறது.

போகிறவர்களுக்கு மூன்று விஷயம். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், கடைக்காரர்கள் பேசும் பொறுமையோடு இருப்பார்கள். கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், வாயால் விளக்குவதைவிட அதுதான் வேகம். சொந்த வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே அலுத்துவிடும். மெட்ரோவில் போனால் எழும்பூரில் இறங்கி முதலில் புதுப்பேட்டை, அங்கே கிடைக்காததை எழுதிக்கொண்டு ஜி.பி. ரோடு. எல்.ஐ.சி. நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் திரும்புவது சுலபம். எனக்கு இன்னும் பின் ஷாக் அப்சார்பர் பாக்கி இருக்கிறது. அது புதிதாகத்தான், ஜி.பி. ரோட்டில்தான்.